ஈக்கும் சுகர் வருமா?

"மாமா, ஈக்கும் சுகர் வருமா?"

கேட்டது என் தங்கை மகள். ப்ளஸ் ஒன்னில் உயிரியல் படிக்கிறாள். கேரளத்தில் கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்கு நாலு கிலோமீட்டர் இந்தப் பக்கம் எங்கள் வீடு. வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், கடைவீதியில் இரண்டும் கலந்து ஒன்று. அடுக்களையில் தொங்கிய நேந்திரக் குலையின் கடைசிச் சீப்பு கறுத்துப்போய், அதைச் சுற்றிக் கடுகு கடுகாய் ஈக்கள். அன்று காலையில்தான் அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்திருந்தது, சர்க்கரை 240. அம்மா அந்தப் பழத்தைப் பார்த்த ஏக்கத்தையும், ஈக்கள் ஒரு கவலையும் இல்லாமல் அதில் உட்கார்ந்து உறிஞ்சியதையும் சேர்த்துப் பார்த்ததால் வந்த கேள்வி என்று நினைக்கிறேன்.

வரும் என்றேன். எப்படி என்றாள். விலங்கியல் பாடம் எடுத்துப் பிழைக்கிறவன் அந்த "எப்படி"யிலிருந்து தப்ப முடியாது.

முதலில் எந்த ஈ என்று சொல்லிவிடுகிறேன். முதலமடைப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களிடம் போய்ப் "பழ ஈ நல்ல ஈ" என்று சொன்னால் அடிக்க வருவார்கள். அவர்கள் மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருளை வைத்துப் பொறி கட்டிப் பிடிப்பது வேறு ஈ. கிட்டத்தட்ட வீட்டு ஈ அளவு இருக்கும், பார்க்கக் குளவி மாதிரி. நல்ல மாங்காயைத் துளைத்து உள்ளே முட்டை வைத்துவிடும். நம் அடுக்களை ஈ இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். சிவந்த கண். நல்ல பழத்தை அது சீண்டாது. பழம் கனிந்து, புளித்து, ஈஸ்ட் பிடித்த பிறகுதான் வரும். இந்தக் கூட்டத்தில் பல இனங்கள் நம் வீடுகளுக்கு வந்துபோகின்றன. அவற்றில் ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்பதுதான் உலகமெங்கும் ஆய்வுக்கூடத்துச் செல்லப்பிள்ளை. 1910இல் நியூயார்க்கில் தாமஸ் ஹண்ட் மார்கன் வெள்ளைக் கண்ணோடு ஒரு ஈயைக் கண்டுபிடித்து, ஜீன்கள் குரோமோசோமில்தான் இருக்கின்றன என்று காட்டியது இதை வைத்துத்தான். 1933இல் அவருக்கு நோபல் கொடுத்தார்கள். ஈக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

சரி, வளர்சிதை மாற்றம். இந்தச் சொல்லைப் பார்த்தாலே பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். உள்ளே போன சோறு என்ன ஆகிறது என்கிற கணக்கு, அவ்வளவுதான். கொஞ்சம் எரிகிறது, கொஞ்சம் சேமிப்புக்குப் போகிறது, கொஞ்சம் உடம்பாகிறது. ஒவ்வொன்றும் பத்து இருபது சின்னச் சின்ன வேதிமாற்றங்களாக நடக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நொதி வேண்டும். நொதி இல்லையென்றால் அந்த வழி அடைப்பு. நொதி ஒரு புரதம். அதை எப்படிச் செய்வது என்று எழுதியிருக்கும் இடம் ஜீன்.

இங்கேதான் பலரும் நின்றுவிடுகிறார்கள். "இந்த ஜீன் இருந்தால் இந்த வியாதி" என்று ஏதோ தலையெழுத்து மாதிரி. ஆனால் ஈயின் கண்ணில் இருக்கும் செல்லுக்கும் குடலில் இருக்கும் செல்லுக்கும் இருப்பது ஒரே எழுத்துதான். 2000ஆம் ஆண்டு இந்த ஈயின் மரபுத்தொகுதியைப் படித்து முடித்தார்கள். புரதம் செய்யும் ஜீன்கள் சுமார் 14,000. எல்லா செல்லிலும் அந்த 14,000 இருக்கின்றன. ஆனாலும் கண் பார்க்கிறது, குடல் செரிக்கிறது. அதே குடல் செல்கூட வயிறு நிறைந்தபோது செய்வதைப் பசியில் செய்வதில்லை. எந்த ஜீன் எப்போது, எந்த அளவுக்குத் திறந்திருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஆழியாற்றுத் தண்ணீர் மணக்கடவில் அளக்கப்பட்டு எல்லை தாண்டி எங்களுக்கு வருகிறது. வருடத்துக்கு 7.25 டிஎம்சி என்று 1970 ஒப்பந்தம். வந்ததை மூலத்தறை ரெகுலேட்டரில் நிறுத்தி, இரண்டு கரை வாய்க்கால்களிலும் பிரித்துவிடுகிறார்கள். வாய்க்கால் எப்போதும் அங்கேதான் இருக்கிறது. எங்கள் வயல் நனைவதும் காய்வதும் ஷட்டரைப் பொறுத்தது. ஷட்டரைச் சுற்றித் தூக்குவது லஸ்கர். ஆனால் எத்தனை அங்குலம் தூக்குவது என்பது அவர் முடிவில்லை. மேலிருந்து போன் வரவேண்டும். போன் பண்ணுகிறவருக்கு அணையில் எவ்வளவு இருக்கிறது, யார் கேட்கிறார்கள் என்று தகவல் வரவேண்டும்.

ஜீன் ஒவ்வொன்றுக்கும் முன்னால் இப்படி ஒரு ஷட்டர் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜீனை ஒட்டிய டிஎன்ஏ துண்டுதான் அது. அதில் வந்து உட்காரும் சில புரதங்கள் லஸ்கர்கள். அவை உட்கார்ந்தால் ஜீனிலிருந்து ஆர்என்ஏ நகல் எடுக்கப்பட்டு நொதி தயாராகும். எழுந்துபோனால் நகல் குறையும். போன் அழைப்புதான் ஹார்மோன். உவமை ஓரிடத்தில் ஒத்துவராது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாய்க்காலை ஒருமுறை வெட்டினால் போதும். செல்லுக்குள் நொதி தேய்ந்து, சிதைந்து போய்க்கொண்டே இருக்கும். நகல் வருவது நின்றுவிட்டால் கொஞ்ச நேரத்தில் வாய்க்காலே தூர்ந்துவிடும்.

மிக எளிய ஷட்டர் ஒன்றிலிருந்து தொடங்கலாம். நேந்திரங்காயைச் சீவி வறுத்தால் சிப்ஸ் ஆகிறது, ஏனென்றால் காய் முழுக்க மாவு. பழுத்தால் மாவு சர்க்கரையாகிவிடும். அதை வறுத்தால் கருகும். மாவைத் தின்றால் அதை உடைக்க அமிலேஸ் என்ற நொதி தேவை. நம் எச்சிலிலும் அது உண்டு. ஈப்புழுவை மாவுள்ள உணவில் வளர்த்தால் குடலில் அமிலேஸ் ஜீன் நன்றாகத் திறக்கிறது. வெறும் குளுக்கோஸில் வளர்த்தால் அதே ஜீன் அடங்கிவிடுகிறது. 1980களிலேயே இதைக் காட்டிவிட்டார்கள். ரெடிமேடாகச் சர்க்கரை வரும்போது மாவு மில்லை ஏன் ஓட்டவேண்டும் என்கிற சிக்கனம். தின்னும் உணவே லஸ்கருக்குப் போன் போடுகிறது.

அடுத்தது கள். பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில் இருந்துகொண்டு கள்ளைப் பற்றிப் பேசாமல் ஈயைப் பற்றிப் பேச முடியாது. இங்கே கள் விற்க அனுமதி உண்டு. நாலு கிலோமீட்டர் தள்ளித் தமிழ்நாட்டில் தடை. ஈக்குச் செக்போஸ்ட் கிடையாது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய தெளுவைவிட (பதநீர்), சுண்ணாம்பு இல்லாத கள்ளுக் கலயத்தில்தான் குட்டி ஈக்கள் மிதக்கும். மரமேறுகிற எவரைக் கேட்டாலும் சொல்வார். சுண்ணாம்பு ஈஸ்ட்டை அடக்கிவிடுகிறது. ஈ தேடி வருவதோ ஈஸ்ட்டின் வாசனையை. புழுவுக்குப் புரதம் கிடைப்பது பெரும்பாலும் ஈஸ்ட்டிலிருந்துதான். ஆனால் ஈஸ்ட் இருக்கும் இடத்தில் சாராயமும் இருக்கும். பிறந்ததிலிருந்து கள்ளுக்குள்ளேயே கிடக்கும் புழு எப்படிப் பிழைக்கிறது?

ஏடிஹெச் என்று சுருக்கமாகச் சொல்லும் நொதியால். சாராயத்தை அது அசிட்டால்டிஹைடாக மாற்றும். அது பிறகு அசிட்டேட்டாகிக் கொழுப்பாகவோ ஆற்றலாகவோ போய்ச் சேரும். நமக்கு விஷமாகும் அளவு கள், ஈக்கு ஒருவகைச் சாப்பாடு. இந்த ஜீன் இல்லாத ஈயைக் கொஞ்சம் சாராயமுள்ள உணவில் விட்டாலே செத்துப்போகும். மனிதக் கல்லீரலிலும் இதே பெயரில் நொதி உண்டு. பெயர் ஒன்று, வம்சம் வேறு. இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே தொழிலுக்கு வந்தவர்கள்.

இந்த ஜீனுக்கு முன்னால் ஷட்டர் இரண்டு. புழுப் பருவத்தில் ஒன்று திறக்கிறது, வளர்ந்த ஈயில் இன்னொன்று. இரண்டிலும் வெளிவரும் நொதி ஒன்றேதான். புழுவின் வாழ்க்கை வேறு, ஈயின் வாழ்க்கை வேறு, அதனால் தனித்தனி லஸ்கர். தவிர, ஜீனிலேயே இரண்டு ரகம் உண்டு. நொதியின் 192ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கும். ஒரு ரகம் சாராயத்தை வேகமாக உடைக்கும். இன்னொன்று மெதுவாக, ஆனால் வெப்பத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். பூமத்திய ரேகையை விட்டு விலகிப் போகப் போக வேக ரகம் கூடிக்கொண்டே போகிறது. ஆக, ஷட்டரும் முக்கியம், வாய்க்காலின் அகலமும் முக்கியம்.

இன்னொரு சின்னக் கதை. ஈப்புழுவுக்குள் முட்டை வைக்கும் குட்டிக் குளவிகள் உண்டு. அந்தக் குளவி முட்டை வைத்துவிட்ட புழு, சாராயம் அதிகமுள்ள இடத்தைத் தேடிப் போகிறது. உள்ளே வளரும் குளவிக்கு அந்தச் சாராயம் ஆகாது, செத்துப்போகும். 2012இல் வந்த ஆய்வு. கள்ளு ஷாப்பில் "மருந்துக்குத்தான் குடிக்கிறேன்" என்பவர்களிடம் இதைச் சொல்லவேண்டாம்.

இனிமேல்தான் சர்க்கரை.

ஈயின் ரத்தத்தில் ஓடும் முக்கியச் சர்க்கரை டிரெஹலோஸ். இரண்டு குளுக்கோஸ் கைகோத்தது. இதைச் சீரான அளவில் வைத்திருக்கவேண்டிய தலைவலி ஈக்கும் உண்டு. நமக்குக் கணையம் செய்யும் வேலையை ஈக்கு மூளையிலுள்ள ஒரு சிறு கூட்டம் செல்கள் செய்கின்றன. மொத்தமே சுமார் 14 செல்கள், பக்கத்துக்கு ஏழு. அவை இன்சுலின் போன்ற புரதங்களைச் சுரக்கின்றன. ஈயிடம் இந்த வகைப் புரதங்கள் எட்டு. 2002இல் இந்தச் செல்களை மட்டும் அழித்துப் பார்த்தார்கள். புழுவின் ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. வளர்ச்சி குன்றி ஈ குட்டையாகிப்போனது. இன்சுலின் இல்லாத குழந்தைக்கு என்ன ஆகுமோ, கிட்டத்தட்ட அது.

நம் கல்லீரலும் தொப்பையும் ஒரே உறுப்பாக இருந்தால் எப்படியோ, அப்படி ஒன்று ஈயிடம் இருக்கிறது. கொழுப்புத் திசு என்கிறார்கள். சேமிப்புக் கிடங்கும் அதுதான், கணக்கெழுதும் இடமும் அதுதான். மூளையிலிருந்து புறப்பட்ட இன்சுலின் இந்தத் திசுவின் செல்லை வந்து தொடும்போது உள்ளே ஒரு சங்கிலி ஓடுகிறது. சங்கிலியின் கடைசிக்கு முந்தைய ஆள் ஏகேடி என்ற நொதி. கடைசி ஆள் ஃபாக்ஸோ, நம் லஸ்கர். இன்சுலின் வந்தால் ஏகேடி, ஃபாக்ஸோவின் மேல் பாஸ்பேட் என்ற சின்ன ஒட்டை ஒட்டிவிடும். ஒட்டு விழுந்த ஃபாக்ஸோ உட்கருவுக்குள் நுழைய முடியாது, வாசலிலேயே நிற்கவேண்டும். டிஎன்ஏ இருப்பது உள்ளே. அதனால் அவர் பொறுப்பிலுள்ள ஷட்டர்கள் மூடியே கிடக்கும்.

சாப்பாடு நின்றது என்று வையுங்கள். இன்சுலின் குறைகிறது. ஒட்டு விழுவது குறைகிறது. ஃபாக்ஸோ உள்ளே போகிறார். பஞ்சகாலத்து ஜீன்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. ஒன்று, புது புரதம் கட்டுவதை நிதானப்படுத்தும். காசில்லாதபோது கட்டட வேலையை நிறுத்திவைப்பது போல. இன்னொன்று ப்ரம்மர் என்ற ஜீன். சேர்த்துவைத்த கொழுப்புத் துளிகளை உடைக்கும் நொதியைச் செய்வது. எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. ஃபாக்ஸோ, இன்சுலினைக் கேட்கும் காதையே, அதாவது இன்சுலின் ஏற்பியின் ஜீனையே, அதிகமாகத் திறந்துவிடுகிறார். பட்டினி கிடக்கும் செல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சாப்பாடு வந்துவிட்டது என்று மெல்லிய ஒரு சத்தம் கேட்டாலும் போதும், உடனே எழுந்து வேலையைத் தொடங்கிவிடும். வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் ஒரு நிமிடம் நிறுத்திவிடுவேன். பெல் அடிக்கிற வரைக்கும் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அது ஏன் என்று புரிவதில்லை.

எதிர்ப்பக்கத்துப் போனும் ஒன்று உண்டு. ஏகேஹெச் என்ற ஹார்மோன். நம் உடம்பில் குளுக்ககான் செய்யும் வேலை. சர்க்கரை இறங்கினால் இது சுரந்து, கிடங்கைத் திற என்று கொழுப்புத் திசுவுக்குச் சொல்லும். இதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது. பசித்த ஈ சும்மா இருக்காது; பரபரவென்று அலையும், தேடும். அந்த அலைச்சலைத் தூண்டுவதும் ஏகேஹெச்தான். இதைச் சுரக்கும் செல்களை அழித்துவிட்டால் ஈ பசியிலும் அமைதியாக உட்கார்ந்திருக்கும். அலையாததால் சேமிப்பு மெதுவாகக் கரைந்து, கூண்டுக்குள் பட்டினி போட்டால் மற்ற ஈக்களைவிட அதிக நேரம் உயிரோடிருக்கும். ஆனால் காட்டில் அந்த அமைதி உதவாது. தேடாத ஈக்கு யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்?

போன் மேலிருந்து கீழே மட்டும் வருவதாக நினைத்துவிடாதீர்கள். கிடங்கும் மூளைக்குப் பேசும். இருப்பு போதுமான அளவு இருக்கும்போது கொழுப்புத் திசு யுபிடி2 என்ற புரதத்தை அனுப்பும். அதைக் கேட்டபிறகுதான் மூளை இன்சுலினைத் தாராளமாக விடும். மனிதரின் கொழுப்பு லெப்டின் என்ற ஹார்மோனை அனுப்புவது இதே காரியத்துக்குத்தான். யுபிடி2 இல்லாத ஈக்கு மனித லெப்டினைச் செய்யவைத்துப் பார்த்தார்கள், 2012இல். வேலை செய்தது. ஈயின் மூளை, நம் தொப்பையின் பாஷையைப் புரிந்துகொண்டது. இரண்டு பேரும் பிரிந்துபோய்ப் பல கோடி வருடங்கள் ஆன பிறகும். எல்லையோரத்தில் பாஷை கலந்து வாழ்கிறவர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காதுதான்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால்? சிகோ என்று ஒரு ஜீன். ஸ்பானிஷில் சின்னப்பையன் என்று அர்த்தம். இன்சுலின் ஏற்பிக்கு அடுத்து நின்று செய்தியைக் கைமாற்றுவது இதன் வேலை. இரண்டு பிரதியும் பழுதான ஈயின் எடை சாதாரண ஈயில் பாதிகூட இருக்காது. 1999இல் கண்டது. 2001இல் இன்னொரு செய்தி வந்தது. அந்தக் குட்டை ஈ நெடுநாள் வாழ்கிறது. இன்சுலின் செய்தி மெலிந்தால் ஆயுள் கூடுகிறது என்பது உருளைப்புழுவிலும் எலியிலும்கூடத் தெரிந்த சங்கதி. உடனே யாரும் சாப்பாட்டை நிறுத்தவேண்டாம். இந்த ஈக்களில் பெண்களுக்குப் பிள்ளை பெறும் திறனும் அடிபடுகிறது. உடம்பு இலவசமாக எதையும் கொடுப்பதில்லை.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று மருமகள் இடையில் கேட்டாள். ஒரு ஜீனை முழு ஈயிலும் கெடுத்தால் எங்கே கெட்டதால் என்ன ஆனது என்று தெரியாது. கொழுப்புத் திசுவில் மட்டும், அல்லது அந்த 14 செல்களில் மட்டும் ஒரு ஜீனைத் திறக்க, மூடத் தெரியவேண்டும். 1993இல் அதற்கு வழி பிறந்தது. ஈஸ்ட்டிடம் காலக்டோஸ் என்ற சர்க்கரையைத் தின்பதற்கான ஜீன்களைத் திறக்கும் லஸ்கர் ஒருவர் இருக்கிறார். பெயர் கேல்4. அவரையும் அவர் உட்காரும் டிஎன்ஏ துண்டையும் ஈக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். விரும்பிய திசுவில் மட்டும் கேல்4ஐ வேலைக்கு வைத்தால், விரும்பிய ஜீன் அங்கே மட்டும் திறக்கும். கள்ளைப் புளிக்கவைக்கும் அதே ஈஸ்ட்தான். ஈ அதைத் தின்று வளர்கிறது. நாம் அதன் லஸ்கரைக் கடன் வாங்கி ஈயைப் படிக்கிறோம்.

புழுவின் அவசரத்தையும் கொஞ்சம் சொல்லவேண்டும். முட்டையிலிருந்து வெளிவந்து நாலே நாளில் அதன் எடை சுமார் 200 மடங்கு ஏறுகிறது. மூன்று கிலோ குழந்தை அந்த வாரக் கடைசியில் 600 கிலோ என்றால் எப்படி இருக்கும்! இதற்குச் சாதாரணச் சமையல் போதாது. முட்டைக்குள் கரு பாதி வளர்ந்திருக்கும்போதே ஈஆர்ஆர் என்ற லஸ்கர் முழித்துக்கொண்டு, சர்க்கரையை மடமடவென்று உடைக்கும் ஜீன்களை ஒரே நேரத்தில் திறந்துவிடுகிறார். சர்க்கரையை முழுவதும் எரித்துவிடாமல், பாதி உடைத்ததை உடம்பு கட்டும் கச்சாப்பொருளாக எடுத்துக்கொள்ளும் முறை இது. புற்றுநோய்ச் செல்களும் இப்படித்தான் சர்க்கரையைத் தின்கின்றன. ஈஆர்ஆர் இல்லாத புழு முதல் தோலை உரித்து இரண்டாம் பருவத்துக்கு வரும், அங்கேயே செத்துப்போகும். ரத்தத்தில் சர்க்கரை நிறைய இருக்கும், செல்லுக்குள் ஆற்றல் இருக்காது. வாய்க்கால் நிறையத் தண்ணீர், வயலுக்குப் போகும் மடை அடைப்பு. வளர்ந்து ஈயாகப்போகும் நேரத்தில் இந்த ஜீன்கள் மறுபடி அடங்குகின்றன. வளர்ந்த ஈக்கு வளர்ச்சி வேண்டாம், பறக்க ஆற்றல் வேண்டும்.

நேரத்தைக் காட்டும் ஜீன்களும் இதில் கை வைக்கின்றன. 1971இல் இந்த ஈயில் கண்டுபிடித்த பீரியட் என்ற ஜீனிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சிக்கு 2017இல் நோபல் கிடைத்தது. மூளையில் ஒரு கடிகாரம் என்றால், கொழுப்புத் திசுவிலும் தனியாக ஒன்று ஓடுகிறது. அதைக் கெடுத்தால் ஈ சாப்பிடும் நேரமும் சேமிக்கும் அளவும் குழம்புகிறது. ராத்திரி பதினொன்றுக்குப் புரோட்டா தின்கிறவர்கள் இதை மேற்கொண்டு படிக்கலாம்.

இப்போது அவள் முதல் கேள்விக்கு வரலாம். ஈப்புழுவை அளவுக்கு மீறிய சர்க்கரைப் பாகில் வளர்த்தால் என்ன ஆகிறது என்று 2011இல் வந்த ஆய்வு ஒன்று விளக்கமாகக் காட்டியது. புழுவின் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, கொழுப்பு சேர்கிறது, வளர்ச்சி தாமதமாகிறது. இன்சுலின் இருக்கிறது, ஆனால் செல்லின் காதில் விழுவதில்லை. அம்மாவுக்கு வந்திருக்கும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயின் அதே முகம். ஜீன்களில் எந்தப் பழுதும் இல்லை. தின்றது மட்டும்தான் மாறியது.

பின்னே அடுக்களை ஈக்கள் பழத்தையே தின்று எப்படி நன்றாக இருக்கின்றன? அழுகிய பழத்தில் சர்க்கரையில் பெரும்பங்கை ஈஸ்ட் தின்றுவிடுகிறது. ஈ தின்பதில் புரதமும் கணிசமாக இருக்கிறது. அதோடு சர்க்கரையைக் கண்டால் எழுந்துகொள்ளும் மாண்டோ, எம்எல்எக்ஸ் என்ற இரட்டை லஸ்கர்கள் ஈயிடம் இருக்கிறார்கள். வந்த சர்க்கரையைக் கொழுப்பாக்கி ஓரமாக அடுக்கும் வழிகளைத் திறப்பது இவர்கள். எம்எல்எக்ஸ் இல்லாத புழு சர்க்கரை குறைந்த உணவில் ஓரளவு பிழைத்துக்கொள்ளும். சர்க்கரை கூடிய உணவில் தாங்காது. கொழுப்பைச் சேர்ப்பது கெட்ட பழக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ரத்தத்தில் சர்க்கரையாகச் சுற்றிக்கொண்டிருப்பதைவிட ஓரத்தில் கொழுப்பாகக் கிடப்பது உடம்புக்கு எத்தனையோ மேல்.

குண்டு ஈக்களும் உண்டு. ப்ரம்மர் பழுதான ஈ சேர்த்த கொழுப்பை எடுத்துச் செலவழிக்கத் தெரியாமல் பருக்கிறது. அடிபோஸ் என்ற ஜீனில் பழுதுள்ள ஒரு ரகத்தை வினிஃப்ரட் டோன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1960 வாக்கிலேயே விவரித்திருக்கிறார். நைஜீரியாவிலிருந்து வந்த ஈ. கொழுத்த உடம்பு, பட்டினியில் மற்றவற்றைவிட அதிக நாள் தாக்குப்பிடிக்கும். சாப்பாடு உறுதியில்லாத இடத்தில் அந்தப் "பழுது" வரம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள் நம்பவில்லை. ஒரே மாதிரி ஜீன் வைத்துக்கொண்டு சாப்பாடு மட்டும் உடம்பை மாற்றுமா, காட்டுங்கள் என்றாள். நல்லது. மார்கழி மாதம், வெயில் அவ்வளவு இல்லை. இந்த ஈக்கு 25 டிகிரி சுகம். முட்டையிலிருந்து ஈயாகப் பத்து நாள்.

இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில் எடுத்தோம். ஒன்றில் ஒரு கைப்பிடி மசித்த பழம், இன்னொன்றில் அரை ஸ்பூன். ஆப்ப மாவுக்கு வாங்கிய கள்ளில் அடியில் நின்ற வண்டலை இரண்டிலும் நாலு சொட்டு விட்டோம். அதே குலையில் மொய்த்த ஈக்களில் பாட்டிலுக்குப் பத்துப் பன்னிரண்டு. வாயில் மல்துணி, ரப்பர் பேண்ட். மறுநாள் சாயங்காலம் பெரிய ஈக்களை வெளியே விட்டாகிவிட்டது. முட்டைகள் மட்டும் உள்ளே. நாலாம் நாள் இரண்டிலும் புழு நெளிந்தது. அரை ஸ்பூன் பாட்டிலில் இடமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்று. ஏழாம் நாள் கண்ணாடிச் சுவரில் கூட்டுப்புழுக்கள் ஒட்டியிருந்தன.

பதினோராம் நாள் இரண்டிலிருந்தும் ஈக்களைப் பிடித்து, ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து மயக்கி, வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினாள். லென்ஸே தேவைப்படவில்லை. அரை ஸ்பூன் பாட்டிலில் பிறந்தவை அத்தனையும் குட்டை. இறக்கை முதல் கால்வரை எல்லாம் அளவெடுத்தாற்போல் சின்னது. அமினோ அமிலம் பற்றாக்குறை என்று கொழுப்புத் திசு மூளைக்குச் சொல்ல, மூளை இன்சுலினைப் பிடித்துவைக்க, ஃபாக்ஸோ உள்ளே போய் உட்கார, கட்டட வேலை பாதியில் நின்றதன் அடையாளம். வளர்ந்த ஈயின் ஓடு கெட்டியானது. இனி எத்தனை தின்றாலும் அது பெரிதாகாது.

"இதுங்க எல்லாம் ஒரே கூட்டத்துப் பிள்ளைங்கதானுங்களே மாமா?"

"ஆமா சாமி."

அவள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா பின்னால் வந்து நின்று தாளையும், காலியான குலைக்காம்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஈக்கு அத்தனை பழம் மசிச்சுப் போட்டீங்க. எனக்கு ஒரு துண்டு ஆகாதாக்கும்?"

"அமுச்சி, அந்த ஈயி குட்டையாப் போச்சு, பாருங்க" என்றாள் பேத்தி.

"நான் இனி வளர்ந்து என்னத்தப் பண்றது" என்றார் அம்மா.